சென்னையில் மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம்: பெயர் மாற்றத்திலிருந்து பணம் கணக்கில் விழும் வரை

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு மானியமும் வாங்கிய பிறகு, தெருவில் ஆறேழு வீட்டுக்கு உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது எந்த பேனல் நல்லது என்றுதான். ஆனால் வேலை தடைபட்ட வீடுகளில் பேனலால் தடைபட்டது ஒன்றுகூட இல்லை. ஈபி கார்டில் இருக்கும் பெயர், விண்ணப்பத்தில் கொடுத்த போன் நம்பர், பழைய காசோலை, மாற்றாத மீட்டர் என்று எல்லாமே காகித வேலையில்தான் நின்றது. அதனால் இந்த வழிகாட்டியில் காகிதம்தான் முன்னால் வரும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மானியத்தைத் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000தான். திட்டக் காலம் 2026-27 நிதியாண்டு வரை.

"வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா?" என்று ஆடிட்டர் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு சோலார் போட்டதற்காகத் தனியாக வரிக் கழிவு எதுவும் இல்லை. தேய்மானம் காட்டுவதெல்லாம் தொழில் நடத்துபவர்களுக்கு. வீட்டுக்காரருக்கு மானியம் ஒன்றுதான் வழி.

1. ஈபி இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

கையில் இருக்கும் பில்லை எடுத்துப் பெயரைப் படியுங்கள். அந்தப் பெயரில் இருப்பவர்தான் விண்ணப்பதாரர். அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் மானியம் வரும். இது சரியில்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சென்னையில் பாதி வீடுகளில் ஈபி இன்னும் காலமான அப்பா பெயரிலோ, மனை விற்ற பில்டர் பெயரிலோ, வீட்டை நமக்கு விற்றவர் பெயரிலோ இருக்கிறது. பில் கட்டினால் கரண்ட் வருகிறது, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. 2022 கடைசியில் ஆதாரை இணைத்தோமே, அதிலேயே பெயர் மாறியிருக்குமே என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது. அது இணைப்பு மட்டும்தான்.

வீட்டை வாங்கியவர் என்றால் விற்பனைப் பத்திரமும் உங்கள் பெயரில் உள்ள சொத்து வரி ரசீதும் வேண்டும். அப்பா காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை தேவை. விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டுவிட்டு, உங்கள் பகுதி பிரிவு அலுவலகத்தில் ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள். அண்ணன் தம்பி வெளிநாட்டில் இருந்தால் சம்மதக் கடிதம் வரவே மாதமாகலாம். அதனால்தான் இதை முதல் வேலையாக வைத்திருக்கிறேன்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். ஈபி பில்லில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக என்று ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பார். பில்லில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் இரண்டில் எளிதாக மாறக்கூடியதை இப்போதே மாற்றுங்கள். பேனல் ஏறிய பிறகு மாற்றினால் அதுவரை பணம் வெளியில் நிற்கும்.

2. எத்தனை கிலோவாட் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

வெண்டரை, அதாவது சோலார் பொருத்தித் தருபவரை, கூப்பிடும் முன் இதைச் செய்யுங்கள். கூப்பிட்ட பிறகு கேட்டால் அவர் மாடி முழுக்கக் கணக்குப் போட்டுத்தான் சொல்வார்.

கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்களை எடுத்து, இரண்டு மாத யூனிட்டின் சராசரியைப் பாருங்கள். சென்னை வெயிலில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாத பில்லுக்கு 240 யூனிட். நமக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அதைக் கழித்துவிட்டு 240ஆல் வகுத்தால் போதும். சராசரி 800 யூனிட் என்றால் 700ஐ 240ஆல் வகுக்க வேண்டும், 3 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 550 யூனிட் என்றால் 2 கிலோவாட் போதும்.

இந்த 100 யூனிட்டைக் கழிக்காமல் கணக்குப் போடுவதுதான் நான் பார்த்த பொதுவான தவறு. அதில் அரை கிலோவாட் அதிகமாகிவிடும். மூன்றைத் தாண்டிய கிலோவாட்டுக்கு மானியம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். நாலாவது கிலோவாட் முழுக்க உங்கள் கைக்காசு.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டுக்குள் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. 400 யூனிட்டுக்கு பில் 1,200 ரூபாயைக்கூடத் தொடாது. 800 யூனிட்டுக்கோ 4,800 பக்கம் வரும். யூனிட் இரண்டு மடங்கு, பில் நாலு மடங்கு. 500 யூனிட்டைத் தாண்டியதும் மலிவான கட்டணப் படிகள் போய்விடுவதுதான் காரணம். ஆயிரத்துக்கு மேல் போனால் யூனிட் ஒன்று பதினோரு ரூபாய்க்கும் மேலே. சோலாரின் லாபம் முழுக்க இந்த மேல் படிகளை வெட்டுவதில்தான் இருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற புது வகை ஃபேன் 30 வாட் பக்கம்தான். நாலு ஃபேன் நாள் முழுக்கச் சுற்றும் வீட்டில் அதை மாற்றினாலே கணக்கு மாறும். மாற்றுவதாக இருந்தால் முதலில் மாற்றிவிட்டு, அடுத்த பில்லைப் பார்த்து கிலோவாட்டை முடிவு செய்யுங்கள்.

பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்றும் பாருங்கள். சோலாரின் அளவு அதைத் தாண்டக்கூடாது. 2 கிலோவாட் லோடு வைத்துக்கொண்டு 3 கிலோவாட் சோலார் கேட்டால் லோடை ஏற்ற வேண்டிவரும். வீட்டு இணைப்புக்கு நிலைக் கட்டணம் 2022லேயே எடுக்கப்பட்டுவிட்டதால் லோடை ஏற்றுவதால் பில் ஏறாது. பயப்பட வேண்டாம்.

3. மாடிக்கு மூன்று முறை ஏறுங்கள்

காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்றரை. மூன்று நேரத்திலும் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தண்ணீர் டேங்க், மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை மூன்றும்தான் வழக்கமான வில்லன்கள். ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையில் இணைந்த பேனல்களின் உற்பத்தியும் விழும். தெற்கே காலிமனை இருந்தால், அங்கே நாளை மூன்று மாடி எழும்பலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடி பொதுச் சொத்து. உங்கள் பங்கில் போட்டுக்கொள்ளச் சங்கத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பல இடங்களில் அது நடக்கிற காரியமில்லை. அதற்குப் பதில் சங்கமே லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்காகப் போடலாம். அதற்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது.

4. தளத்தில் பதிவு: உங்கள் போன், உங்கள் கை

பிஎம் சூர்ய கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் நுகர்வோராகப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. யாராவது "ஃபைல் மூவ் பண்ண" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மொபைல் நம்பரைக் கொடுத்தால் ஓடிபி வரும். இங்கேதான் பெரியவர்கள் தவறுகிறார்கள். "தம்பி, எனக்கு இதெல்லாம் தெரியாது, வெண்டரே பண்ணிக் கொடுத்துட்டார்" என்றார் எதிர்வீட்டு ஐயா. வெண்டர் தன் போன் நம்பரையே போட்டிருந்தார். அதன் பிறகு விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும், வங்கி விவரம் கொடுக்கவும், ஒவ்வொரு ஓடிபிக்கும் அவரைக் கெஞ்ச வேண்டியதாயிற்று. உங்கள் நம்பரையோ பிள்ளைகளின் நம்பரையோ கொடுங்கள். வெண்டருடையது கூடவே கூடாது.

மாநிலம் தமிழ்நாடு, மின் நிறுவனம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பழைய டான்ஜெட்கோவைத் தேடி நிற்காதீர்கள், 2024ல் அது பிரிக்கப்பட்டுவிட்டது. இணைப்பு எண்ணை வட்டார எண்ணோடு சேர்த்துப் போட வேண்டும். சென்னை வடக்குக்கு 01, சென்னை தெற்குக்கு 09. கார்டில் உள்ள கடைசி இலக்கங்களை மட்டும் அடித்துவிட்டு "எண் இல்லை என்கிறது" என்று நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பில் கட்டும்போது எப்படி அடிப்பீர்களோ அப்படியே அடியுங்கள். பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள்.

எண் சரியாக இருந்தால் பெயர் தானாக வரும். அது பில்லில் உள்ள பெயரேதானா என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தை அனுப்புங்கள். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும் என்று 2024ல் விதி மாறியிருக்கிறது. அதனால் இந்தப் படியில் பெரிதாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

5. வெண்டரும் கொட்டேஷனும்

தளத்தில் பதிவான வெண்டர் மட்டுமே. பதிவில்லாதவரிடம் எவ்வளவு மலிவாகப் போட்டாலும் மானியம் வராது. மூன்று பேரிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். எங்களுக்கு 3 கிலோவாட்டுக்கு ஒன்றே முக்கால் லட்சத்திலிருந்து இரண்டேகால் லட்சம் வரை வந்தது.

இதில் ஒரு தந்திரம் உண்டு. சிலர் 78,000ஐக் கழித்துவிட்டு மீதியை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். மானியம் வெண்டருக்குப் போவதில்லை, உங்கள் கணக்குக்குத்தான் வரும். முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். கழிக்காத விலையை எழுதித் தரச் சொல்லி, அதை வைத்து மூன்றையும் ஒப்பிடுங்கள்.

கொட்டேஷனில் "டிசிஆர் பேனல்" என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். பேனல், அதற்குள் இருக்கும் சோலார் செல் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம். அதைத்தான் டிசிஆர் என்கிறார்கள். டிசிஆர் இல்லாத பேனல் விலை குறைவு. அதனால்தான் சில கொட்டேஷன் ஆச்சரியமாக மலிவாக இருக்கும். "இதுவும் இந்தியக் கம்பெனிதான் சார்" என்பது பதில் ஆகாது. இங்கே பேனலைக் கோத்து, செல்லை மட்டும் வெளியிலிருந்து வாங்கியிருக்கலாம்.

ஜிஎஸ்டியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருளும் பொருத்தும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 பங்கு பொருள், 30 பங்கு சேவை என்று கொண்டு கணக்கிட்டால் மொத்தத்துக்கு 8.9 சதவீதம் வரும். பழைய 13.8 சதவீதத்திலேயே கொட்டேஷன் அச்சடித்து வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கலாம்.

அப்புறம் இரும்பு. வர்தா புயலை 2016 டிசம்பரில் பார்த்த ஊர் இது. இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம் அதற்கு வடிவமைத்ததா என்று கேளுங்கள். கேள்வியே புரியாத வெண்டரை விட்டுவிடுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போல் கடற்காற்று அடிக்கும் இடங்களில் பெயிண்ட் அடித்த இரும்பு சில வருடங்களிலேயே உதிரும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜிஐ சட்டம்தான் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

தளத்தில் மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடுங்கள். 5 வருடப் பராமரிப்பு அதில் வரும். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வாய்ப்பேச்சில் விட்டவர்களுக்குப் பின்னால் பிடி இல்லாமல் போகிறது.

6. கடன் வேண்டுமென்றால்

3 கிலோவாட் வரை 2 லட்சத்துக்குள் அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தை ஒட்டி இருக்கும். கடன் பணம் வெண்டருக்கு நேரடியாகப் போகும் என்பதால் முழுத் தொகையையும் கட்டிவிட்டுக் கடன் கேட்பது வீண். கொட்டேஷன் கைக்கு வந்ததும் விண்ணப்பியுங்கள்.

7. பேனல் ஏறும் நாள்

அன்று வீட்டில் இருங்கள். ஒவ்வொரு பேனலின் பின்பக்கமும் உள்ள வரிசை எண்ணை, அதைச் சட்டத்தில் மாட்டும் முன்பே போட்டோ எடுங்கள். மாட்டிய பிறகு கீழே படுத்துக்கொண்டு எடுக்க வேண்டும். இந்த எண்கள்தான் தளத்தில் ஏறும். பேனல் டிசிஆர்தானா என்று சரிபார்ப்பதும் இதை வைத்துத்தான்.

மாடித் தரையில் துளை போடுவார்களா, சிமெண்ட் பீடமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். நம் மாடிகளில் தட்டு ஓடு பதித்திருப்போம். அதில் துளை போட்டு ஒழுங்காக அடைக்காவிட்டால் ஐப்பசி மழையில் ஹால் சீலிங் ஒழுகும். பீடம் என்றால் அதன் எடை காற்றுக்குப் போதுமா என்பதற்கு வெண்டர் கணக்குக் காட்ட வேண்டும்.

எர்த்திங் குழி மூன்று எண்ணுங்கள். பேனல் இருக்கும் டிசி பக்கத்துக்கு ஒன்று, வீட்டுக்குக் கரண்ட் போகும் ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. இடமில்லை என்று இரண்டை ஒன்றாக்கப் பார்ப்பார்கள். இடி இறங்கினால் அந்த மின்சாரம் சோலார் இன்வெர்ட்டர் (டிசியை ஏசியாக மாற்றும் பெட்டி) வழியாக வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகத்தான் தனிக்குழி.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா? ஓடாது. முதல் பவர்கட் அன்றே எனக்குப் போன் வந்துவிடும், "வெயில் கொளுத்துது, ஃபேன் சுத்தல" என்று. இது பழுதில்லை. லைன்மேன் கம்பத்தில் வேலை செய்யும்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குப் போனால் அவர் உயிருக்கு ஆபத்து. அதனால் ஈபி லைனில் கரண்ட் போனதும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரைக் கழற்றி விற்றுவிடாதீர்கள்.

8. நெட் மீட்டர் வரும் முன் ஸ்விட்சைப் போடாதீர்கள்

பொருத்தி முடித்ததும் ஆசைக்கு ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். பழைய மீட்டருக்கு மின்சாரம் வருகிறதா போகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதைப் பிரித்து எண்ணுவதுதான் நெட் மீட்டர். பெரும்பாலான எலக்ட்ரானிக் மீட்டர்கள் நீங்கள் வெளியே கொடுக்கும் யூனிட்டையும் வாங்கியதாகவே எண்ணும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வெண்டர் சொன்னார் என்று மூன்று வாரம் ஓட்டினார்கள். சோலார் போட்ட பிறகு வந்த முதல் பில் முந்தையதைவிட அதிகம்.

வேலை முடிந்த விவரமும் போட்டோவும் தளத்தில் ஏறியதும் நெட் மீட்டருக்கு விண்ணப்பம் போகும். மீட்டரைக் கழகம் தருமா, நீங்கள் வாங்கிச் சோதனைக்குக் கொடுக்க வேண்டுமா என்று பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் வேலை தொடங்கும் முன்பே கேட்டுவைப்பது நல்லது. நாள் ஓடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆய்வுக்கு வரும் நாளில் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நிற்கும் ஸ்கூட்டர், செருப்பு ஸ்டாண்ட் எல்லாவற்றையும் நகர்த்தி வையுங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே ஒருமுறை திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஆய்வு முடிந்து, இயக்கத் தொடங்கியதற்கான அறிக்கை தளத்தில் ஏற வேண்டும். அது ஏறாமல் மானியம் நகராது. மீட்டர் மாட்டியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாமல், உள்நுழைந்து அந்தப் படி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

9. வங்கி விவரம்

அறிக்கை ஏறியதும் மானியத்தைக் கோரும் படி தளத்தில் திறக்கும். இதை நீங்களேதான் செய்ய வேண்டும், தானாக நடக்காது. கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் கிடக்கும் பழைய காசோலையைக் கிழித்துப் போட்டோ எடுக்காதீர்கள். 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் பல இணைந்தன. வேறு வங்கியோடு இணைந்துபோன வங்கியின் பழைய காசோலையில் இருப்பது செல்லாமல் போன ஐஎஃப்எஸ்சி. வருடக்கணக்கில் தொடாத கணக்கையும் கொடுக்காதீர்கள். முடங்கிப் போயிருந்தால் பணம் வந்த வழியே திரும்பும். பென்ஷனோ சம்பளமோ வரும் கணக்கு, பெயர் மட்டும் ஈபி பில்லோடு ஒத்திருந்தால், நல்ல தேர்வு.

விவரம் சரியாக இருந்தால் 30 நாளுக்குள் வரும் என்பது திட்டத்தின் கணக்கு. அதைத் தாண்டினால் முதலில் தளத்தில் நிலையைப் பாருங்கள். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் அங்கேதான் எழுதியிருக்கும்.

10. முதல் பில்லைக் கூட்டிப் பாருங்கள்

கணக்கெடுக்க வரும் நாளில் நீங்களும் மீட்டரைப் போட்டோ எடுங்கள். நெட் மீட்டரில் வாங்கியது, கொடுத்தது என்று இரண்டு எண்கள் மாறி மாறி வரும். பழக்கதோஷத்தில் ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு போய்விட்டால் பில் தவறாக வரும். போட்டோவோடு பிரிவு அலுவலகத்துக்குப் போனால் திருத்துவார்கள், வெறும் வாய்ச்சொல்லோடு போனால் அடுத்த ரீடிங்கில் பார்க்கலாம் என்பார்கள்.

நெட்வொர்க் கட்டணம் என்ற பெயரில் ஒரு வரி பில்லில் வந்தால் அதையும் போட்ட காசு திரும்பும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 800 யூனிட் பில் வரும் வீட்டில், மானியம் போக ஒரு லட்சத்து இருபதாயிரம் கைக்காசு என்றால் திரும்ப நாலு, நாலரை வருடம் ஆகும் என்பது என் கணக்கு.

ஐப்பசி, கார்த்திகையில் உற்பத்தி குறையும். அதற்காக வெண்டரைத் திட்ட வேண்டாம். மாசியில் குறைந்தால் மாடிக்கு ஏறிப் பாருங்கள், தூசிதான் காரணமாக இருக்கும். விடிகாலையில், பேனல் சூடாகும் முன் கழுவ வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம். நம் பகுதி உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடி மேல் வெள்ளைப் படலம் படிந்துவிடும், பிறகு அதைச் சுரண்டவும் முடியாது. மெட்ரோ வாட்டர் வரும் நாளில் இரண்டு வாளி எடுத்து வைத்துக்கொண்டால் மூன்று கிலோவாட்டுக்குப் போதும்.